கடல் அம்மிக்கல்லைத் தூக்குமா, அண்ணாச்சி?

செல்லத்துரை அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

நம்பவில்லை. அந்த மனுஷன் விஷயத்தில் எதையும் உடனே நம்பிப் பழக்கமில்லை எனக்கு. வேறு இரண்டு பேருக்கு போன் போட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான் எர்ணாவூருக்கு ஆட்டோ பிடித்தேன்.

இந்தப் பக்கத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். மளிகைக் கடை அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். "தங்கமான மனுஷர்" என்று ஆளாளுக்கு ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறீர்கள்... போடுங்கள். நான் வேறு மாதிரிதான் எழுதுவேன். கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

எழுபதுகளின் தொடக்கம். திருவொற்றியூருக்கு வடக்கே, கடலை ஒட்டி எங்கள் குப்பம். எங்கள் ஆட்களுக்கு வயசுக் கணக்கே புயல்தான். "பெரிய காத்து அடிச்ச வருசம் பொறந்தவ" என்றுதான் என்னையும் சொல்வார்கள்.

குப்பத்தில் செங்கல் சுவர் வைத்த ஒரே கட்டடம் அண்ணாச்சி கடை. ரேடியோவும் அங்கேதான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் வாசலில் நின்று சத்தம் போடுவார். "கூண்டு ஏத்தியாச்சு, பிள்ளையளத் தூக்கிட்டு கெளம்புங்கம்மா!"

கிளம்புவதற்கு முன்னால் எங்கள் பெண்கள் ஒரு வேலை செய்வார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் ஆழமாகத் தோண்டி, அம்மிக்கல்லைக் கவிழ்த்துப் புதைப்பார்கள். அம்மா அதன்மேல் சிலுவை போட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள்.

காற்று குடிசையைக் கொண்டுபோகும், அலை மணலை மாற்றிப் போடும். திரும்பி வந்து கம்பியால் மணலைக் குத்திப் பார்த்து, கல் தட்டுப்படும் இடத்தில் மறுபடி குடிசை போடுவோம். எங்களுக்குப் பட்டா, பத்திரம் எல்லாம் அந்தக் கல்தான்.

நான் தாவணி போட ஆரம்பித்த வருஷம் ஒரு புயல். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். அண்ணாச்சி மட்டும் வரவில்லை. "சரக்கு கெடக்குல்லா, நான் எப்படி வர?" என்று கடைக்குள்ளேயே இருந்துவிட்டார்.

காற்று நின்று திரும்பி வந்தால் குடிசை ஒன்றுகூட இல்லை. அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஆனால் கல்லும் இல்லை... எந்த வீட்டுக் கல்லும் இல்லை.

அம்மா கையில் கம்பியோடு நேரே கடைக்குப் போனாள்.

"கடலு குட்சைய தூக்கினு பூடும், சரி. அம்மிய தூக்குமா அண்ணாச்சி? யார் வந்தா இங்க?"

"நான் கதவச் சாத்திட்டு உள்ள கெடந்தேன் தாயி. ஒண்ணும் பாக்கல. கடல்தான் கொண்டு போயிருக்கும்."

சொல்லும்போது அவர் அம்மா முகத்தைப் பார்க்கவில்லை. பருப்பு மூட்டையைக் கட்டினார். கட்டிய மூட்டையை அவிழ்த்து மறுபடி கட்டினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பொய் சொல்றான் டீ. மூஞ்சப் பாத்தியா?" என்றாள் அம்மா, வெளியே வந்ததும்.

கொஞ்ச நாளில் சங்கிலி பிடித்து அளக்க ஆட்கள் வந்தார்கள். ஏதோ தொழிற்சாலைக்காம். "உங்க வீடு எங்க இருந்துச்சு, காட்டுங்க" என்றார்கள். ஆளுக்கொரு பக்கம் கை காட்டினோம். எங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டோம். அந்தச் சண்டை முடிவதற்குள் முள்கம்பி போட்டுவிட்டார்கள்.

ஒவ்வொரு புயலுக்கும் கடல் எங்களை ஒரு வரிசை உள்ளே தள்ளியிருக்கிறது, உண்மைதான். ஆனால் எர்ணாவூர் வரைக்கும் தள்ளியது கடல் இல்லை.

அலைச் சத்தம் இல்லாமல் அம்மாவுக்கு அங்கே தூக்கமே வரவில்லை. ரொம்ப நாள் பாயில் எழுந்து உட்கார்ந்துகொண்டிருப்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அண்ணாச்சியும் பின்னாலேயே வந்து எங்கள் தெருமுனையில் கடை போட்டார். அவருடைய பழைய கடை வேலிக்கு வெளியேதான் இருந்தது. யாரும் அவரைக் கிளம்பச் சொல்லவில்லை. அப்புறம் ஏன் வந்தார்?

அம்மா சாகும்வரை அந்தக் கடையில் ஒரு தீப்பெட்டி வாங்கியதில்லை.

புயல் என்றால் மட்டும் எங்கள் வாசல் பக்கம் வருவார். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல அம்மா காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போவார்.

"இந்தாளு போவ சொன்னா நான் போவ மாட்டேன். போய்ட்டு வந்தா இந்த வூடும் இருக்காது" என்று அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

அவருக்கு நன்றாக நரைத்த பிறகு, ஒருநாள் நானே நேரில் கேட்டேன். "அண்ணாச்சி, கல்லை எடுத்தது யாரு?"

"ஒங்கம்மைட்ட சொல்லுதேன். அவுகளுக்குத்தான் சொல்லணும்" என்றார்.

சொல்ல வரவேயில்லை. அம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்தாள்.

இன்றைக்கு அண்ணாச்சிக்கு மாலை போட்டுவிட்டு, கை கழுவப் பின்பக்கம் போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாக்கு போர்த்திய ஓர் அம்மிக்கல். சாக்கு விலகிய இடத்தில் உடைந்த மூலை தெரிந்தது... பாதாம்கொட்டை தட்டப்போய் நான் உடைத்த மூலை. அதற்கு அம்மாவிடம் வாங்கிய அடி இன்னும் மறக்கவில்லை.

சாக்கை முழுசாக விலக்கினேன்.

"அது அப்பா கல்லு அக்கா" என்றாள் மகள். "அதுல யாரையும் அரைக்க விட மாட்டாரு. கூண்டு ஏத்தினாங்கன்னா மொதல்ல அதைத்தான் தூக்கி உள்ள வைப்பாரு."

எங்கள் கல் மட்டும்தான் இருந்தது. மற்ற வீட்டுக் கல் எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன்.

தோண்டினவர்களோடு அவரும் சேர்ந்து தோண்டினாரா... இல்லை, அவர்கள் தோண்டும்போது ஒரு கல்லையாவது ஒளித்து வைத்தாரா? அப்படியென்றால் அன்றைக்கே அம்மாவிடம் ஏன் கொடுக்கவில்லை? மகள் தனக்கு ஒன்றும் தெரியாது என்கிறாள். அவளையும் முழுசாக நம்ப முடியவில்லை.

கல்லை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போய் வாருங்கள் அண்ணாச்சி. அம்மா உங்களுக்கு முன்னாலேயே போய் வாசலில் நிற்பாள். கையில் அந்தக் கம்பி இருக்கும்.

இந்தத் தடவையாவது அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.