கேட்டில் கைகளை விரித்து நிற்பவர்

நிழலைத் தாண்ட மாட்டேன் என்று என் கணவர் நின்றுவிட்டதுதான் தொடக்கம். அயனம்பாக்கம் ஏரிக்கரைப் பாதையில் குறுக்கே விழுந்திருந்த வேப்பமர நிழல் அது. "பள்ளம் வெட்டிப் போட்டிருக்கான், பாக்கலையா நீ?" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். விளையாடுகிறார் என்று சிரித்தேன். முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

ஸ்கேனும் கேள்வி பதில் சோதனைகளும் முடிந்து, என் கணவர் சேவியருக்கு டிமென்ஷியா (நினைவும் புரிந்துகொள்ளும் திறனும் படிப்படியாகக் குறையும் நோய்) என்றார்கள். கண் சரியாகத்தான் பார்க்கிறது, பார்த்ததை மூளை தவறாக எடுத்துக்கொள்கிறது என்று டாக்டரம்மா விளக்கினார். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் மயிரிழை பிசகாமல் இரும்பைக் கடைந்தவர் என் கணவர். ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். "பசிக்குதா?" என்று கேட்டார்.

மகள் ஜெனி பூந்தமல்லியிலிருந்து வந்து கிரில் கேட்டுக்குப் புதுப் பூட்டு மாட்டினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நானும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் சமைத்தேன். ஆனால் பொழுது சாய்ந்தால் அவர் கம்பியைப் பிடித்து உலுக்கத் தொடங்கிவிடுவார். சாப்பாடு பாதியாகக் குறைந்தது. உப்பு பத்தவில்லை என்று சொல்வதை மட்டும் மறக்கவில்லை.

"பூட்டி வச்சா பதற்றம் கூடத்தாம்மா செய்யும். மரம், காத்து, வெயில் எல்லாம் அவருக்கு வேணும். வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றார் டாக்டரம்மா. தொலைந்துபோனால்? தண்ணீரில் இறங்கிவிட்டால்? "பயந்துகிட்டே போங்க. ஆனா போங்க," என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பயப்படப்போவது நான்தானே.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், நான் செய்ததைச் சொல்கிறேன். நிழல் அழுத்தமாக விழுவதற்கு முன்பே, விடிந்ததும் கிளம்பினோம். தினமும் ஒரே வழி, ஒரே பெஞ்சு. கழிப்பறை எங்கே என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொண்டேன். தண்ணீர்ப் பக்கம் நான் நடப்பேன். பின்னால் வேகமாக வருகிறவர்கள் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மதியம் தட்டில் மிச்சமே வைக்கவில்லை.

பெயரும் என் கைப்பேசி எண்ணும் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டாமல் வெளியே போகக் கூடாது என்றாள் ஜெனி. சட்டை மாற்றவே சண்டை போடுகிறவர், அட்டையை மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்காரர் வீட்டில் கழுத்தில் அட்டை ஏறினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: டூட்டி.

ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்து நிமிர்ந்தேன். பக்கத்தில் அவர் இல்லை.

முதலில் தண்ணீரைத்தான் பார்த்தேன். ஆகாயத்தாமரை எங்காவது விலகியிருக்கிறதா என்று பார்த்தேன். வாய் தானாக மாதாவைக் கூப்பிட்டது. கரையோரமாகவே ஓடினேன். நடைபயிற்சிக்கு வந்த யாரோ ஒருவர் நடைபாதையின் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

வாசல் கேட்டில், காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் முன்னால், இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றிருந்தார். கேட்டுக்கு வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"இன்னாம்மா, கைய விரிச்சிகினு நிக்கிறாரு. போ சார்னாலும் போவ மாட்டேன்றாரு," என்றார் வாட்ச்மேன்.

எனக்குப் புரிந்துவிட்டது. ஷிப்ட் முடிந்து வெளியேறும் ஒவ்வொருவரையும் தொழிற்சாலை கேட்டில் தடவிப் பார்த்துத்தான் விடுவார்கள். அந்தச் சோதனை முடியாமல் வாசலைத் தாண்டுவது அவர் உடம்புக்குத் தெரியாது. அவரை பெஞ்சிலிருந்து கிளப்பிவிட்டது அட்டை. வாசலில் நிறுத்தி வைத்தது அந்தப் பழக்கம். நான் அவர் பாக்கெட்டுகளைத் தடவிப் பார்த்தேன். ஈர மண்ணோடு ஒரு நத்தை ஓடு இருந்தது. "சரி, போகலாம்," என்றதும் கைகளை இறக்கினார்.

ஜெனியிடம் மறைக்கவில்லை. இனி வெளியே போகவே வேண்டாம் என்று போனில் அழுதாள். சில நாள் நானும் பூட்டித்தான் பார்த்தேன். கம்பியை உலுக்கும் சத்தம் திரும்ப ஆரம்பித்தது. அதைவிடப் பயமே மேல் என்று மறுபடி கிளம்பினோம். இப்போது என் கைப்பேசி எண்ணை அவர் சட்டையின் உள்பக்கம் தைத்திருக்கிறேன். கேட்டில் அவரைச் சோதனை போடுவது என் வேலை.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். அது என் உடம்பிலேயே குடியேறிவிட்டது. அவர் தயங்கினால் என் கால் தானாக நிற்கிறது. அவருக்கு மூச்சு வாங்குவது அவருக்கு முன்னால் எனக்குத் தெரிகிறது. பொழுதையும் அவர் உடம்பை வைத்தே கணிப்பதால், நான் கடிகாரம் கட்டுவதை விட்டுவிட்டேன்.

சென்ற வாரம் சோதனை முடிந்ததும், அறிமுகமில்லாதவரைப் பார்ப்பதுபோல் மரியாதையாக என்னைப் பார்த்தார்.

"நீங்க எந்த செக்‌ஷன்?"

"உங்க செக்‌ஷன்தாங்க," என்றேன்.

"நேரமாயிடுச்சு. என் வீட்டுக்காரி வாசல்லயே நிப்பா. லேட்டானா ரொம்ப பயந்துக்குவா."

நான் வாசலில் பயந்து நின்றதை இத்தனை வருடமாக அவர் கவனித்திருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒருநாளும் சொன்னதில்லை.

"வாங்க, நானும் அந்தப் பக்கம்தான் போறேன்," என்றேன்.

எந்த வருடத்து வீட்டுக்குப் போகிறோம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் எட்டி நடந்தார். அவளைக் காக்க வைக்கக் கூடாது என்று நானும் வேகமாக நடந்தேன்.