துணி காயாத கயிறு

வெயில் சாய முன்னமே விமலேஸ்வரி ரீச்சர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நடந்து பார்ப்பார். குசினி வாசலிலிருந்து, குண்டுக்கு ஒளிய வெட்டிய பங்கர்க் குழிவரை ஒரு கயிறு. உள்ளங்கை அதில் உரசிக்கொண்டே போகும். பக்கத்து வீட்டுக் கமலாசனி கேட்டால், "உடுப்புக் காயப்போடக் கட்டினனான்" என்பார். ஒருநாளாவது அதில் ஒரு துவாய் தொங்கி யாரும் கண்டதில்லை.

விசுவமடுவில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறவர். விழித்திரைப் பாடம் வந்தால் சோறு தண்ணி வேண்டாம். படைபடையாகக் கலங்களை வரைந்து சோக்கால் புள்ளி குத்துவார். சிலதில் நிறைய, சிலதில் கொஞ்சம். ஒவ்வொரு புள்ளியும் மெலற்றோனினைப் பிடிக்கும் ஒரு வாங்கி. "இருட்டுது எண்டு கண்ணுக்குச் சேதி சொல்லுற ஓமோன், பிள்ளையள். கோல்கலத்திலயும் வாங்கி இருக்கு, உள்படையளிலயும் இருக்கு. எல்லாத்திலயும் ஒரே அளவில்லை."

மங்கல் வெளிச்சத்தில் பார்க்க உதவும் அந்தக் கோல்கலங்களுக்குப் புள்ளி வைக்கையில் மட்டும் கை தயங்கும். அவருடைய கண்ணில் அவைதான் செத்துக்கொண்டிருந்தன. சண்டை ஓய்ந்து வெளியே போகும் பாதை திறந்திருந்த காலத்தில் வவுனியா டொக்டர் சொன்னது. பகலில் ஊசியில் நூல் கோர்ப்பார். பொழுதுபட்டால் தன் கையே தெரியாது. சேதி வரும், வாங்க ஆளில்லை.

கணவர் பிரதாபனிடம் இதைச் சொல்லவே இல்லை. அவருக்குப் பின்னேரங்களில் ஆஸ்பத்திரியில் வேலை. 'அறிஞ்சால் மனுசன் செல்லடிக்குள்ளாலயும் என்னைத் தேடி ஓடி வரும்' என்று ரீச்சருக்குப் பயம். வேவு விமானமான வண்டு இரைந்தால் ஊரே விளக்கை அணைக்கும். அப்போது அவர் கயிற்றைப் பிடித்துத்தான் பங்கருக்குப் போவார். பிரதாபனும் கயிற்றைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை. சைக்கிளை மட்டும் ஒருநாளும் அந்தப் பக்கம் நிறுத்தமாட்டார்.

2009 தையில் உடையார்கட்டுக்கு ஓடினார்கள். அவசரத்தில் ரீச்சர் கயிற்றைக் கழற்ற மறந்துபோனார். பிரதாபன் வெளியே புதுப் பங்கர் வெட்ட, இவர் தறப்பாள் கூடாரத்துக்குள் ஒரு துண்டுக் கயிறாவது கிடைக்காதா என்று மூட்டைகளைக் கிண்டினார். பொழுது இறங்கியது. வண்டு இரைந்தது. சுற்றிலும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"விமலா, பங்கர் சரி. வாருமப்பா."

குரல் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று பிடிபடவில்லை. கால் மண்ணில் ஊன்றிவிட்டது. தறப்பாள் கம்பைத் தேடி நீட்டிய கையில் கயிறு தட்டியது. தடவினார், விசுவமடுவில் தானே போட்ட பழைய முடிச்சுகள்.

அந்தப் பக்கமிருந்து பிரதாபன் அதை மெல்ல இரண்டு தரம் இழுத்துக் காட்டினார்.