பதினொரு சதவீதம்

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளைப் பல்லம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் பாதிப் பேருடைய சிரிப்பு தன் கைவேலை என்று அவளே சொல்லிக்கொள்வாள். மெழுகு அச்சில் ஒரு கடைவாய்ப் பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

வீட்டிலிருந்த மின்சாரக் காரின் பேட்டரிக்கு எட்டு வருஷம் வாரண்டி. அதற்குள் கொள்ளளவு எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் கம்பெனியே புதிது போட்டுத் தரும். இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி. வண்டியோ பாதி வழியிலேயே மூச்சு வாங்கியது.

"விடு, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்றார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். எந்த மெஷினையும் அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை.

"நமக்குச் சேர வேண்டியதை எதுக்குங்க விடணும்?" என்று அவளே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனாள்.

இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு டெக்னீஷியன் வந்தார். "அறுபத்தேழுதான் இருக்கு மேடம். வாரண்டி கண்டிப்பா கிடைக்கும். ஒண்ணு மட்டும் கேட்டு எழுதணும். எண்பது சதவீதம் சார்ஜ் போதும்னு புத்தகத்துலயே போட்டிருக்கு. நீங்க தினமும் நூறு ஏத்தியிருக்கீங்க. வண்டி எடுக்காத நாள்கூட. பேட்டரி அதனாலதான் இவ்வளவு சீக்கிரம் தளர்ந்திருக்கு. முதல் நாலு மாசம் அப்படி இல்ல, பாருங்க. இந்தத் தேதியிலேர்ந்துதான்."

சார்ஜ் கணக்குத் தாளில் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டினார். மகன் விபத்தில் போனதற்கு மறுநாள். அன்றிலிருந்து தினமும் ராத்திரி பிளக் போடுவது அவர்தான்.

அவள் கண் தானாக மேல் வரிக்குப் போனது. மகன் போன நாள். மதியம் மூன்று பன்னிரண்டு, பொது சார்ஜர், பதினொரு சதவீதம். அதற்கும் மேலே, முந்தின இரவு: இணைப்பு இல்லை.

அன்றைக்கு மூன்று மணிக்குப் பயிற்சி மைதானத்துக்குப் போய் மகனை அழைத்து வருவதாக அப்பா சொல்லியிருந்தார். வரவில்லை. மூன்றரை வரை நின்று பார்த்துவிட்டு, அவன் நண்பனின் பைக்கில் ஏறினான். மருத்துவமனை வாசலில் கேட்டதற்கு அவர் சொன்னது ஒரே வார்த்தை: "டிராஃபிக்."

'கொஞ்சம் முன்னாடி கிளம்பியிருந்தா' என்று ஏழு வருஷத்துக்கு மேலாக எத்தனை தடவை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருப்பாள்! ஒரு தடவைகூட அவர் வாய் திறந்ததில்லை.

முந்தின இரவு வண்டியை ஓட்டி வந்தது அவள். மழை. கையிலிருந்த பல் அச்சுத் தட்டு நனைந்துவிடுமே என்று உள்ளே ஓடினாள். பிளக் போட மறந்துபோனாள்.

"மேடம், காரணம் என்னன்னு எழுதட்டும்?"

"பழக்கம்னு எழுதுங்க" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை.

வீட்டில் அவர் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"கிடைக்குமாம்." எதிரே உட்கார்ந்தாள். "என்னங்க, அன்னைக்கு வண்டியில சார்ஜ் இல்லையா?"

ஊசி நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது. "டிராஃபிக்தான்."

"பேப்பர்ல பார்த்தேங்க. முந்தின நாள் நான்தான்..."

"டிராஃபிக்தான்னு சொல்றேன்ல."

அவள் மெதுவாகக் கேட்டாள், "எந்த இடத்துல?"

"பாலத்துக்குக் கீழ." நூலைப் பல்லால் கடித்தார். "ஒரு லாரி குறுக்க நின்னுடுச்சு. மணல் லாரி. பின்னால பஸ். டிரைவர் இறங்கிப் போயிட்டான். ஹார்ன் அடிச்சு அடிச்சுக் கையே வலிச்சுப் போச்சு." நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். லாரியின் நிறம், பஸ்ஸில் எட்டிப் பார்த்த ஒரு பெண், விசில் ஊதிய போலீஸ்காரர். இத்தனை வருஷமாகச் செங்கல் செங்கலாக அடுக்கி வைத்திருந்தார் போல.

அவள் குறுக்கே பேசவில்லை. பஸ் நகர்ந்து, லாரி விலகி, வழி திறக்கும்வரை கேட்டாள். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் புதுப் பேட்டரி வந்தது. அந்தப் பேச்சை அதற்குப் பிறகு இருவரும் எடுக்கவே இல்லை. ஆனால் கூடத்தில் மூன்று மணி ஆனால் பல்லம்மா செதுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிடுகிறாள். அவள் கண்ணுக்குள், மைதான வாசலில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒருவன் நிற்கிறான். மூன்றரை வரை அவளால் வேறெதையும் பார்க்க முடிவதில்லை.