மாமாவைக் கொளுத்திய சந்தை நாள்

எங்கள் மாமாவை ஊரே கூடிக் கொளுத்திய அன்று, அந்தக் கூட்டத்தில் அதிகமாகச் சிரித்தவன் நான்தான். பதற வேண்டாம். கொளுத்தியது வைக்கோல் மாமாவை. அசல் மாமா பக்கத்திலேயே சட்டையில்லாமல் நின்றுகொண்டு, "இந்தப் பக்கம் பத்தலடா, வெறகு ஒண்ணு சொருவுங்க" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கல்வராயன் மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் அவர் ஊர். என் வீட்டில் என் வால்தனத்தைத் தாங்க முடியாமல், படிப்பதற்கு என்ற பெயரில் என்னை அங்கே கொண்டுபோய் விட்டிருந்தார்கள். படித்தது குறைவு. ஜீப்பில் ஏறியதுதான் அதிகம்.

அந்த ஜீப், பட்டாளத்தில் உழைத்து ஓய்ந்து, ஏலத்தில் கைமாறிக் கைமாறி மாமாவிடம் வந்து சேர்ந்தது. பெட்ரோல் வண்டி. கல்யாண வீட்டில் மோர் குடிப்பதுபோல் பெட்ரோலைக் குடிக்கும். அதை வாங்குவதற்காக அத்தையின் காதிலும் கழுத்திலும் இருந்ததெல்லாம் கழன்று போயிருந்தது. யாராவது விசாரித்தால், "என் கம்மலும் சங்கிலியும் வெள்ளிமலைக்குப் போய்க்கினு கீது, சாயங்காலம் வந்துடும்" என்று அத்தை ஜீப்பைக் காட்டுவார். மலைக்கு பஸ் உண்டு, வந்தால் வரும். வராத நாளில் மலைக்காரர்களுக்கு மாமாவின் ஜீப்தான் பஸ், ஆம்புலன்ஸ், கல்யாணக் கார் எல்லாம்.

ஏறும்போது ஜீப் பெட்ரோலில் ஏறும். இறங்கும்போது மாமா இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விட்டுவிடுவார். "ஏத்தத்துக்குத்தான் காசு. எறக்கம் சாமி குடுத்தது" என்பார். எங்கள் பக்கத்து மலை டிரைவர்கள் எல்லோருமே அப்படித்தான் இறங்கினார்கள். உள்ளே இருபது பேர், மேலே சாமை மூட்டைகள், கீழே பள்ளம், நடுவில் ஒரு பிரேக்கும் மாமாவின் பக்தியும். பேட்டரி செத்துக் கிடந்ததால் இன்ஜின் ஓடாதபோது ஹாரன் அடிக்காது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் முன்சீட்டில் நான். ஒவ்வொரு வளைவிலும் தலையை வெளியே நீட்டி "பாம்! பாம்!" என்று கத்த வேண்டும். வகுப்பில் என் வாயை மூடச் சொல்லாத வாத்தியார் இல்லை. அந்த வாயை நம்பி ஒரு ஜீப் மலையிறங்கியது என்றால் எனக்கு எவ்வளவு திமிர் இருந்திருக்கும்!

அது இட ஒதுக்கீட்டுப் போராட்டக் காலம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்ட சூடு எங்கள் பக்கத்தில் ஆறவில்லை. ஜெயிலுக்குப் போய் வந்தவர்களுக்கு ஊரில் தனி மரியாதை. அவர்களில் ஒருவரை நாங்கள் சங்கத்து அண்ணன் என்போம். மறியல் நடந்தபோது அவருக்கும் அவர் ஆட்களுக்கும் சோற்றுக் குண்டான் போனது மாமாவின் ஜீப்பில்தான். அப்புறம் வடக்கே வேறொரு இட ஒதுக்கீட்டுச் சண்டை என்று ரேடியோ சொன்னது. அது முடிவதற்குள் கடல் தாண்டி, எண்ணெய் எடுக்கிற நாடு ஒன்றுக்குள் பக்கத்து நாட்டுக்காரன் பட்டாளத்தோடு புகுந்தான். அவன் அங்கே புகுந்ததற்கு எங்கள் ஊர் ஜீப்பில் வண்டிக்கூலி ஏறியது. எப்படி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. இப்போது விளங்கிவிட்டதென்றும் சத்தியம் செய்ய மாட்டேன்.

பெட்ரோல் விலை ஏறியதோடு நிற்கவில்லை, கிடைக்கவும் இல்லை. மாமா விடியலில் கேனைத் தூக்கிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போவார். பொழுது சாய, பாதிக் கேனோடு வருவார். சில நாள் வெறும் கேனோடு. மாமா கூலியை ஏற்றினார். கொஞ்ச நாளில் மறுபடியும் ஏற்றினார். மலைக்காரர்கள் ஏறுவதை நிறுத்திவிட்டு, சுமையைத் தலையில் வைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடந்து இறங்க ஆரம்பித்தார்கள்.

டீக்கடையில் நாள் முழுக்க ஒரே வழக்கு. யார் காரணம்?

"டில்லிக்காரன்தான்யா. வேற எவன்?"

"டில்லிக்காரன் இன்னா பண்ணுவான்? அந்த எண்ணெ நாட்டு ராஜா ஏத்துறான்."

"ராஜாவும் இல்ல, மந்திரியும் இல்ல. பங்க்குல பதுக்கி வெச்சிக்கினு இல்லேன்றான்."

"அதெல்லாம் இருக்கட்டும். நீ இன்னாத்துக்கு டீக்கு ஏத்துன?"

"பால்காரன் ஏத்திட்டான்பா."

"ஏன், அவன் மாடு பெட்ரோலா குடிக்குது?"

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் முகங்கள் முன்னைவிடக் கறுத்துப் போகும். அந்த ஐப்பசியில் மழையும் வரவில்லை. எரிச்சல் ஊர் முழுக்கக் காய்ந்த சருகாகக் கிடந்தது, நெருப்புதான் பாக்கி.

சந்தை நாளன்று அது விழுந்தது. மாமா டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தி, "மலைக்கு! மலைக்கு!" என்று கூவிக்கொண்டிருந்தார். ஒருவரும் ஏறவில்லை. டிரைவர் சீட்டில் நான் உட்கார்ந்து ஸ்டியரிங்கை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போது மலையிலிருந்து கடுக்காய் மூட்டையைச் சுமந்து வந்து விற்ற ஒரு அம்மாள், வெறும் சாக்கை உதறிக்கொண்டே மாமாவிடம் வந்தார். காலில் செருப்பில்லை. குதிகால் வெடித்து ரத்தம் மண்ணோடு காய்ந்திருந்தது. மெதுவாகத்தான் ஆரம்பித்தார்.

"வாங்கறவன் இன்னா சொல்றான் தெரியுமா டிரைவரு? லாரி வாடக ஏறிப்போச்சாம், அதனால எனக்குக் கம்மியாக் குடுக்கறான். நீ இன்னா சொல்ற? பெட்ரோல் ஏறிப்போச்சு, அதனால எங்கிட்ட ஜாஸ்தியாக் கேக்கற. ரெண்டு பக்கமும் நீங்களே ஏத்திக்கினா நடுவுல நான் இன்னா மண்ணையா திங்கறது?"

மாமா அந்த அம்மாளின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சந்தை திரும்பிப் பார்த்தது. சங்கத்து அண்ணன் வந்து ஜீப்பின் பானெட்டில் ஓங்கி அறைந்தார். "டில்லி இன்னாடா டில்லி! கொள்ளையடிக்கிறவன் இங்கயே நிக்கறான். கவுருங்கடா இத!" பின் சக்கரத்தில் காற்று சீறிக்கொண்டு இறங்கியது. பக்கத்திலிருந்து ஆட்டினார்கள். ஒருவன் தீப்பெட்டியை எடுத்துவிட்டான். முன்பு மாமா கொண்டுபோன சோற்றைத் தின்ற கை அது. இன்றைக்கும் அந்தக் கையை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அன்றைக்கு நான் செய்தது என்ன? ஜீப் ஊஞ்சல்போல் ஆட ஆட, எனக்காகத்தான் ஆட்டுகிறார்கள் என்று எண்ணி, "பாம்! பாம்!" என்று ஹாரன் அடித்தேன்.

மாமா பாய்ந்து வந்து என்னை இடுப்போடு தூக்கி வெளியே எடுத்தார். அவர் குரலைக் கேட்க வேண்டுமே! நாடகத்துக் கட்டியங்காரன் தோற்றான்.

"டேய், கொளுத்துறதுன்னு ஆயிடுச்சி, முறையாக் கொளுத்துங்கடா! வெல ஏத்துனது ஆளா, ஜீப்பா? இது இரும்பு, இதுக்கு இன்னா ரோஷம் வரும்? ஆளக் கொளுத்துங்க. கொடும்பாவி கட்டுங்கடா!"

மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் கொடும்பாவி கட்டி இழுப்பார்கள். ஊரில் எந்தப் பாவி இருப்பதால் மழை வரவில்லையோ, அந்தப் பாவியை வைக்கோலில் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் ஒப்பாரி வைத்து, ஏரிக்கரையில் கொளுத்துவது. அந்த வருடம் அது எப்படியும் நடக்க வேண்டியதுதான். கூட்டம் ஒரு கணம் யோசித்தது. பிறகு நாலு பேர் வைக்கோலுக்கு ஓடினார்கள்.

தலைக்கு ஒரு பானை வந்தது. யார் முகம் எழுதுவது என்று மறுபடியும் வழக்கு. டில்லி மந்திரிதான் என்று முடிவாகி, ஊர்ச் சுவரெல்லாம் கிறுக்கி வைத்த ஓவியன் என்ற முறையில் அடுப்புக்கரியை என்னிடம் கொடுத்தார்கள். டில்லி மந்திரியை நான் எங்கே பார்த்தேன்? கெட்டவனுக்கு மீசை உண்டு என்ற பொது அறிவை வைத்து ஒரு பெரிய மீசை போட்டேன். எங்கள் டிரில் வாத்தியார் மாதிரி வந்தது. எனக்கு அதுவும் சம்மதமே.

சட்டைதான் கிடைக்கவில்லை. கொடும்பாவிக்குத் துணி கொடுத்தால் கொடுத்தவர் வீட்டில் சாவு விழும் என்று ஒரு நம்பிக்கை. மழைக்குக் கட்டும்போது, துணி வெளுக்கிற ஏகாலி வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்த துணியாகப் பார்த்து எடுப்பார்கள். அன்று அதற்கு நேரமில்லை. அவரவர் சட்டையை அவரவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "நீ குடு", "உன்னுது கிழிஞ்சதுதான, நீ குடு" என்று இழுபறி. தீப்பெட்டிக்காரன் பொறுமையிழந்து மறுபடி ஜீப்பைப் பார்த்தான்.

மாமா தன் காக்கிச் சட்டையின் பொத்தான்களை அவிழ்த்தார். உதறி, வைக்கோல் உடம்புக்குத் தானே மாட்டிவிட்டார். காலரைக்கூட மடித்துவிட்டார்.

எண்ணெய்க்கறை படிந்த காக்கிச் சட்டை, மேலே மீசை. யாரோ ஒருவர், "அட, நம்ம டிரைவரு!" என்றார். சந்தையே குலுங்கிச் சிரித்தது. டில்லி மந்திரி அந்த நிமிடமே டில்லிக்குத் தப்பித்துப் போய்விட்டார். எண்ணெய் ராஜாவும், பதுக்கினவர்களும், கடுக்காய் வியாபாரியும்கூடத் தப்பித்தார்கள். வியாபாரி முதல் வரிசையில் நின்று கைதட்டினார்.

இழுத்தார்கள் பாருங்கள், அப்படி ஓர் இழுப்பு! நான் முன்னால் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடினேன். பெண்கள் துடைப்பத்தால் அடித்தார்கள். "ஏறாத மலையேத்தி எங்க குடி கெடுத்தவனே, போறியா?" என்று ஒப்பாரி வைத்தார்கள். வெடித்த காலோடு அந்த மலைக்கார அம்மாளும் வந்து, சாக்கைச் சுருட்டி மார்பிலேயே அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கியது. சிரிக்காமல் அடித்தவர் அவர் ஒருவர்தான். மாமா பின்னாலேயே நடந்தார். "இன்னும் ரெண்டு போடும்மா, இவன் தாங்குவான்" என்றார்.

ஏரிக்கரையில்தான் தெரிந்தது, ஊற்றுவதற்கு எண்ணெய் இல்லை. ரேஷன் மண்ணெண்ணெயை யார் தருவார்கள்? பெட்ரோல் விலையைக் கண்டித்துக் கொளுத்துவதற்கு ஊரில் பெட்ரோல் இருந்தது ஒரே இடத்தில்தான். மாமா திரும்பிப் போய், ஜீப் டேங்கில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சி, இருந்த சொச்சத்தையும் கேனில் பிடித்து வந்து கொடுத்தார். துப்பிவிட்டு, "சீமையெண்ணெயவிட ருசி கம்மிதான்டா" என்றார்.

கொழுந்துவிட்டு எரிந்தது. என் மீசை கடைசிவரை நின்றது என்பதில் எனக்குப் பெருமை. எரிந்து முடிந்ததும் ஆச்சரியமாக ஒருவருக்கும் கோபமில்லை. சங்கத்து அண்ணன் மாமாவின் தோளில் கைபோட்டு, "மனசுல வெச்சிக்காத மாமா" என்றார். தீப்பெட்டிக்காரன் காற்றுப் பிடுங்கிய சக்கரத்துக்குப் பம்ப் தேடிப் போனான். மலைக்காரர்கள் வெறும் சாக்குகளோடு காட்டுப் பாதையில் ஏறிப் போனார்கள். அடுத்த நாள் பெட்ரோல் அதே விலைதான்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வெளிச்சம் இருந்தது. சேதி எங்களுக்கு முன்னால் வந்திருந்தது. நான் நடித்துக் காட்ட ஆசையோடு ஓடினேன். அத்தை வாசலிலேயே மறித்து, "உள்ள வராத, அங்கியே நில்லு" என்றார். அவர் சொன்னது மாமாவிடம். சுடுகாட்டுக்குப் போய் வந்தவருக்கு ஊற்றுவதுபோல், குடம் குடமாக மாமாவின் தலையில் தண்ணீர் ஊற்றினார். மாமா சின்னப் பிள்ளைபோல் குனிந்து நின்றார். "ஜீப்பு பத்திரமா கீதுடி" என்று மட்டும் சொன்னார். அத்தை குடத்தை வீசினார். அது உருண்டு போய் மாட்டுத்தொட்டியில் மோதியது.

பிறகு குனிந்து மண்ணை ஒரு கை அள்ளினார். எங்கள் பக்கத்தில் வயிறெரிந்த பெண் மண்ணை வாரித் தூற்றினால் அதற்குமேல் ஒரு சாபம் கிடையாது. கையை ஓங்கித் தெருப்பக்கம் திரும்பினார். அங்கே எதிர்வீட்டுப் பெண் தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஓங்கிய கையோடு மலையைப் பார்த்துத் திரும்பினார். பாதி மலையில், வரிசையாகச் சாக்குத் தலைகள் ஏறிப் போவது தெரிந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கம் திரும்பினார். டில்லி இருக்கிற வடக்கே திரும்பினார், அங்கே எங்கள் அவரைப்பந்தல் இருந்தது. ஓங்கிய கை அப்படியே நிற்க, அத்தை நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். விரலிடுக்கில் மண் ஒழுகிக்கொண்டிருந்தது.

எனக்கு அத்தையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எதிர்க்காற்றில் மண்ணைத் தூற்றினால் நம் கண்ணிலேயே விழும் என்பது ஏரிக்கரையில் விளையாடுகிற எந்தப் பையனுக்கும் தெரியும். விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

"காத்து மலையிலிருந்து வருது அத்தை. இந்தப் பக்கம் தூத்துங்க" என்றேன்.