ஒற்றை விசில்

கூடைப்பந்துக்கு இரண்டு நடுவர்கள் வேண்டும். ஒருவர் பந்தோடு ஓடுவார், மற்றவர் கூடைக்கடியில் நடப்பதைப் பார்ப்பார். அன்று முத்தியால்பேட்டை சிமெண்டுத் தரையில் என்னோடு இருந்த இன்னொரு நடுவர் முதல் பாதியிலேயே கணுக்கால் பிசகி உட்கார்ந்துவிட்டார். மாற்றாள் இல்லை. “நீங்களே ஓட்டிடுங்க சார்” என்றார்கள் போட்டி நடத்தியவர்கள். ஓட்டுவதற்கு இது என்ன மாட்டு வண்டியா?

பெண்கள் இறுதியாட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டி. அந்தச் சான்றிதழ் இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். மீன் விற்கிறவர் மகள் ஒருத்தி தனியாளாக அணியை இழுத்துக்கொண்டிருந்தாள். காசு கட்டிப் படிக்க வழியில்லாதவள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். நான் பந்தின் பின்னால் ஓடித் திரும்பும்போதெல்லாம் அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். இடித்த முழங்கை யாருடையது என்று ஒரு முறையும் கண்ணில் படவில்லை. பார்க்காததற்கு எப்படி ஊதுவது?

“யோவ், கண்ணு இருக்கா இல்லியா?” என்று கூட்டம் கத்தியது. இரண்டு கேப்டன்களையும் கூப்பிட்டுக் கண்டித்தேன். சொல்லி வாய் மூடவில்லை, மறுபடி ஒரு இடி. அவள் எழுந்திருக்க நேரம் பிடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவளுடைய கோச் டைம் அவுட் கேட்டுவிட்டு என்னிடம் ஓடி வந்தார். “கால்ல வேணாலும் விழறேன் சார். எம் பொண்ண இடிச்சே கொன்னுடுவாங்க. பாப்பீங்களா, மாட்டீங்களா?”

‘பாத்துக்கறேன், போங்க’ என்பதுதான் நாங்கள் வழக்கமாகச் சொல்வது. அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

“பொய் சொல்ல மாட்டேன் சார். பந்து அந்தப் பக்கம் போனா இங்க நடக்கறது எனக்குத் தெரியல. ஒத்த ஆளா என்னால அவளக் காப்பாத்த முடியாது.”

அவர் அவளை வெளியே கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார். “என்னை உள்ள அனுப்புங்க சார்” என்று அவள் கெஞ்சியதைக் கேட்டுக்கொண்டே ஓடினேன். கையில் இருந்த ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. ஒரே ஒரு கூடையில் தோற்றார்கள். கடைசி விசிலை நான்தான் ஊத வேண்டியிருந்தது, பாவி.

கோச் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நல்லவேள, உள்ளத சொன்னீங்க” என்றார்.

வண்டியை எடுக்கப் போன இடத்தில் அந்தப் பெண் நின்றிருந்தாள். அழுது முடித்திருந்தாள்.

“வலி எனக்குத்தான சார். அவருகிட்ட எதுக்கு சொன்னீங்க?”