பதினோரு தோள்

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு தை மாதம். ஜவ்வாது மலை மேல் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் டாக்டர்களும் நர்சுகளும் கூடிய இரண்டு நாள் மருத்துவ மாநாடு. கீழே போளூரிலேயே நடத்தியிருக்கலாம். மலை மக்களின் மருத்துவம்தானே பொருள், மலையிலேயே நடத்துவோம் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. நான் அப்போது கீழே ஓர் ஊரில் பிரசவ டாக்டர். முதல் அமர்வுக்கும் நிறைவு அமர்வுக்கும் என்னைத் தலைமை தாங்கச் சொன்னார்கள். வந்திருந்த கட்டுரைகளுக்கு மதிப்பெண் போடும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது.

எனக்கு அங்கே இருப்பே கொள்ளவில்லை. குளிர் ஒரு பக்கம், மைக்கைப் பிடித்தவர்கள் இழுத்த இழுப்பு ஒரு பக்கம். ஆளுக்கு எட்டு நிமிடம், என் கையில் ஒரு மேசை மணி. ஆறாவது நிமிடத்திலேயே விரல் அதன் மேல் போய்விடும்.

மலைக் கிராமங்களில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் கட்டுரை வாசிக்க வந்தார். பிரசவம் சிக்கலாகும் பெண்களை, மூங்கில் கழியில் போர்வையை டோலியாகக் கட்டி, ஜீப் வரும் பாதைவரை தூக்கி வருவதைப் பற்றிய கட்டுரை. அவருடைய அட்டவணையில் கிலோமீட்டரும் இல்லை, மணியும் இல்லை. 'எத்தனை பேர்', 'எத்தனை தோள்' என்று இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான். நான் அதை முன்பே படித்து, சிவப்பு மையில் 'அலகு தெளிவில்லை' என்று எழுதி, அளவீட்டுக்குப் பூஜ்யம் போட்டு, மதிப்பெண் உறையை ஒட்டிக் கொடுத்திருந்தேன். முதல் பரிசுக் கட்டுரையின் கோரிக்கையை நிறைவு நாளில் சுகாதாரத் துறை அதிகாரி முன்னால் வாசிப்பார்கள். இவர் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று: ஊருக்கு ஊர் டோலி தூக்க எட்டு ஆட்களை முறைவைத்து நியமிக்க வேண்டும்.

"தோள்னா என்ன சிஸ்டர்? மணிக்கணக்குல சொல்லுங்க" என்றேன்.

"மணி ஆளப் பொறுத்துதுங்க டாக்டரம்மா. இன்னா ஆவுதுன்னா..."

எட்டு நிமிடம் ஆகிவிட்டது. மணியை அடித்தேன், கொஞ்சம் பலமாகவே. அவர் தாளை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

சாப்பாட்டு நேரத்தில் ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் ஊரில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்துவிட்டது, ரத்தம் நிற்கவில்லை. கட்டுரை வாசித்த அந்த நர்ஸ் உடனே கிளம்பினார். அங்கே பிரசவ டாக்டர் நான் ஒருத்திதான், நானும் ஜீப்பில் ஏறினேன். ஜீப் போகும்வரை போய், அதற்குமேல் நடந்தோம். செய்ய முடிந்ததைச் செய்து சலைன் ஏற்றினேன். ரத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் பிழைப்பாள்.

ஊர் ஆண்கள் பெரும்பாலும் புளி உலுக்கப் போயிருந்தார்கள். புருஷனோடு சேர்த்து மூன்று பேர்தான் கிடைத்தார்கள். இரண்டு பேர் தூக்க, நான் சலைன் பாட்டிலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். கொஞ்ச தூரத்திலேயே டோலியைக் கீழே வைத்தார்கள். மூச்சு வாங்கி, தோள் மாற்றி, மறுபடி தூக்கினார்கள்.

"ஒருவாட்டி தூக்கி எறக்கற வரைக்கும், இதாங்க ஒரு தோளு" என்றார் நர்ஸ், என்னைத் திரும்பிப் பார்க்காமலே. "எட்டு பேரு இருந்தா கீழயே வைக்க மாட்டாங்க. நடந்துகினே மாத்திப்பாங்க."

பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. தோளை எண்ண ஆரம்பித்தேன். நாலாவதில் என் கை மரத்துப்போனது. அதுவரை நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்த அந்தப் பெண், ஏழாவதில் பதில் சொல்வதை நிறுத்திவிட்டாள். "சீக்கிரம், சீக்கிரம்" என்று கத்தினேன்.

"கத்தாதீங்கம்மா, காலு பின்னுது" என்றார் முன்னால் தூக்கிய புருஷன். அவர் அழுதுகொண்டே நடந்ததை அப்போதுதான் கவனித்தேன். பதினோராவது தோளில் ஜீப் தெரிந்தது.

அவளைக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு இரவே மலைக்குத் திரும்பினோம். அவள் பிழைத்துக்கொண்டாள் என்று மறுநாள் காலையில் தகவல் வந்தது. அன்றே உறையைப் பிரித்தார்கள். அழகாக வரைபடம் போட்ட வேறு கட்டுரைக்கு முதல் பரிசு. நான் போட்ட மதிப்பெண்தான், யாரைக் குறை சொல்ல? என் தலைமை உரைக்கு ஒதுக்கியிருந்த நேரத்தை நர்சுக்குக் கொடுத்தேன். மணியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அவர் பேசி முடித்ததும் அதிகாரி கேட்டார்: "தோள்னா எத்தனை கிலோமீட்டர்?"

என் குரலை இன்னொருவர் வாயில் கேட்டது மாதிரி இருந்தது. வெட்கத்தில் காது சுட்டது. நர்ஸ் என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "நேத்து மூணு பேருக்குப் பதினொன்னு சார். நானே கூட நடந்து எண்ணினேன்" என்றேன். அதிகாரி ஏதோ குறித்துக்கொண்டார்.

உத்தரவு எதுவும் வரவில்லை. அந்த நர்ஸே ஊர் ஊராகப் போய் எட்டெட்டுப் பெயர்களைச் சுவரில் எழுதி வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கப்புறம் எத்தனையோ மாநாடுகளில் மணி என் கைக்கு வந்திருக்கிறது. யாராவது எனக்குப் புரியாத ஒரு சொல்லைச் சொன்னால் விரல் தானாக மணியை விட்டு விலகிவிடும். ஏழாவது தோளில் அந்தப் பெண் பேச்சை நிறுத்திய அந்த நேரத்தை அளக்க, நான் பூஜ்யம் போட்ட அலகைத் தவிர வேறொன்று எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.