டெல்லிக்குப் பாஸ்போர்ட்

…அவ சொல்லுததை அப்படியே நம்பிராத, ஏளா. என் வீட்டுக்காரரை டெல்லியில் போலீஸ் பிடித்து வைத்தது என்றா சொன்னாள்? பாஸ்போர்ட் இல்லாமல் போனதற்காகவா? எதிர்வீட்டுக்காரி வாய்க்குள் போன சங்கதி வெளியே வரும்போது கையும் காலும் முளைத்துத்தான் வரும். கூடவே இருந்து பார்த்தவள் நான். நான் சொல்கிறேன், கேள். முதலில் இடுப்பில் இருக்கிற குடத்தை இறக்கி வை. நின்றுகொண்டு கேட்கிற கதை இல்லை இது.

எழுபதுகளில் நடந்தது. எந்த வருஷம் என்று கேட்காதே. எழுத்துத் தெரியாதவளுக்கு வருஷக் கணக்கு ஏது? எங்கள் மூத்த மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தோம். மருமகனுக்கு டெல்லியில் சர்க்கார் ஆபீஸ் வேலை. அவள் உண்டானாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இந்தக் கடற்கரையில் யாரும் உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுகிற விஷயமே இல்லை. ஆனால் அவளுக்குக் கால் இரண்டும் வீங்கிவிட்டது. அத்தனை தூரம் ரயிலில் உட்காரக் கூடாது என்று அங்குள்ள டாக்டரம்மா சொல்லிவிட்டார். மருமகனுக்குத் தாயும் இல்லை. தை மாசம் பிள்ளை பிறக்கும். பக்கத்தில் இருந்து வெந்நீர் வைத்துக்கொடுக்க ஆள் வேண்டுமே. நான்தான் போக வேண்டும்.

வடக்கே அதுவரை நான் போன கடைசி ஊர் மதுரை. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. கொழும்புக்குப் போயிருக்கிறேன். சிரிக்காத! அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களுக்குக் கொழும்பு என்றால் பக்கத்தில் இருக்கிற மில்லர்புரம் மாதிரி. கல்யாணமான புதிதில், அங்கே கடை வைத்திருந்த என் மாமா வீட்டுக்கு, தனுஷ்கோடியில் கப்பல் ஏறிப் போனோம். கப்பலில் வாந்தி எடுத்ததைத் தவிர எனக்கு வேற்றூர் என்ற நினைப்பே வரவில்லை. கடையில் தமிழ், தெருவில் தமிழ், சண்டை போட்டால் தமிழ். பாஸ்போர்ட் என்ற சொல்லையே அப்போது நான் கேட்டதில்லை. அதெல்லாம் பிறகு வந்தது.

என் வீட்டுக்காரர் தோணித் தண்டல். நீ கடல் இல்லாத நாசரேத்துப் பக்கத்துப் பிள்ளை, உனக்குத் தெரியாது. உப்பும் ஓடும் ஏற்றிப் பாய் விரித்துக் கொழும்புக்குப் போகிற பெரிய தோணிக்குத் தண்டல்தான் தலைவர். நட்சத்திரத்தைப் பார்த்தே அக்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார். அதே மனுஷன் திருநெல்வேலிக்குப் பஸ் ஏறினால், இறங்குகிற இடத்தை வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வருவார். கண் மங்கியதால் அந்த வருஷம்தான் கரையேறி வீட்டில் இருந்தார்.

நான் டெல்லி என்றதும் தோணிக்குச் சரக்கு ஏற்றுகிற மாதிரியே திட்டம் போட ஆரம்பித்தார்.

"தை மாசமா? தையில வாடைக்காத்துல்லா அடிக்கும். வடக்க போனா எதிர்க்காத்து."

"நாம ரயில்லதான போறோம்?"

"ரயிலுக்கும் காத்து காத்துதாம்ட்டி."

தெருவில் வடக்கே போய் வந்தவர்கள் மூன்று பேர். மூன்று பேரும் வீடு தேடி வந்து எனக்குப் புத்தி சொன்னார்கள். முதலில் பட்டாளத்து அண்ணாச்சி. அவர் வேலை பார்த்தது காஷ்மீரில். "மைனி, படுக்கும்போது மூக்கைத் துணி வச்சுக் கட்டிக்கிடுங்க. இல்லன்னா காலையில தலையணையில கிடக்கும்" என்றார். கப்பலில் கல்கத்தா வரை போனவர், துறைமுகத்தை விட்டு வெளியே வராதவர், "வடக்க பூரா தண்ணி, பூரா மீனு. சாப்பாட்டுக்குக் கவலையே படாதீய" என்றார். பம்பாயில் இருந்து வந்தவர், "அங்க தெருவுல நின்னா இடிச்சுத் தள்ளிட்டுப் போயிருவான், நடந்துகிட்டே இருக்கணும்" என்றார். மூன்று பேரும் சொன்னது ஒரே நாட்டைப் பற்றித்தான். நான் என்ன செய்ய? மூக்குக்குத் துணி கிழித்து வைத்தேன். குடை வாங்கினேன். நிற்காமல் நடக்க வசதியாக ஒரு ரப்பர் செருப்பும் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் காலையில் முகத்தில் சோப்பு நுரையோடு என் வீட்டுக்காரர் கேட்டார்.

"எல்லாஞ் சரி. பாஸ்போர்ட்டுக்கு என்ன செய்ய?"

"டெல்லிக்கா?"

"தமிழ் பேசுத கொழும்புக்கே இப்ப பாஸ்போர்ட்டு கேக்கான். தமிழே தெரியாத ஊருக்குள்ள சும்மா விட்டுருவானா? நீயே யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

அவரும் பாஸ்போர்ட்டைக் கையால் தொட்டதில்லை. தோணி ஆட்களுக்குத் துறைமுகத்தில் பேரை எழுதி அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான். அதனால் அவருக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். எங்கள் தெருத் தண்டல்களில் பாஸ்போர்ட் வாங்கப் போகிற முதல் ஆள் அவர்தானே. கல்யாணக் கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போனார். பின்னால் மைசூர் அரண்மனை வரைந்த துணி. கோட்டின் பித்தானைப் போட முடியவில்லை. மூச்சை அடக்கிப் போட்டார். அதனால் படத்தில் கொஞ்சம் கோபமாக இருப்பார். திரும்பி வரும் வழியில் பார்த்தவர்களிடமெல்லாம், "பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துட்டு வாரோம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எதிர்வீட்டுக்காரியிடம் மட்டும் இரண்டு தரம் சொன்னார். அவள் புருஷனும் தண்டல்தான், அதனால்.

படம் கைக்கு வந்ததும் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸுக்குப் போனோம். பழைய பழக்கம் உள்ள இடம். மேஜையில் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருந்தான். மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டான்.

"எந்த ஊருக்கு அண்ணாச்சி?"

"டெல்லிக்கு."

"சரி. டெல்லியில இருந்து எந்த நாட்டுக்கு?"

"டெல்லிக்குத்தாம்ல. எம் மவ அங்கன இருக்கா."

அவன் பேனாவை மூடி வைத்தான். "அண்ணாச்சி, பாஸ்போர்ட்டே அங்க இருந்துதான் குடுக்காவ. அது நம்ம நாடுல்லா."

"நம்ம நாடா? அங்கன நம்ம பாசை பேசுதானா?"

"இல்ல."

"நம்ம சோறு திங்கானா?"

"ரொட்டிதான் திங்காவளாம்."

"கடலாவது இருக்கால?"

"அதுவும் இல்ல அண்ணாச்சி."

"பிறகு எப்படில நம்ம நாடு?"

பையன் பாவம், சிரிக்கவும் முடியாமல் சிரிப்பை அடக்கவும் முடியாமல் தவித்தான். அவன் சொன்னதுதான் நிஜம் என்று அந்தத் தவிப்பிலேயே எங்களுக்கு விளங்கிவிட்டது. வெளியே வந்து உப்பு லாரிகளுக்கு ஊடே நடந்தோம். என் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார்: "தெருவுல வாயைத் திறக்காத."

எனக்கு உள்ளுக்குள் ஒரே குதியாட்டம். ஒரு காகிதமும் வேண்டாம், ரயில் ஏறினால் போதும், மகளைப் பார்த்துவிடலாம். ஆனால் மனுஷன் டிக்கெட் எடுக்கிற வழியைக் காணோம். மார்கழி பிறந்துவிட்டது. எதிர்வீட்டுக்காரி வாசல் தெளிக்கும்போதெல்லாம் கேட்பாள்.

"என்ன மைனி, பாஸ்போர்ட்டு நடந்து வருதா, நீந்தி வருதா?"

"வரும் வரும்" என்று இவர் உள்ளே போய்விடுவார். பிறகு திடீரென்று முழங்கால் வலி வந்தது.

"முட்டு வலிக்கிட்டி. தை போட்டும், மாசியில பாப்போம்."

"பிள்ளை மாசி மட்டும் வகுத்துக்குள்ள காத்துக் கிடக்குமா? இங்கேருங்க, மனசுல உள்ளதைச் சொல்லுங்க."

தைலக் குப்பியை மூடி வைத்தார். "ஊரு பூரா சொல்லியாச்சு. இப்ப சும்மா போயி ரயில்ல ஏறுனா, அவ என்ன பேச்சுப் பேசுவா?"

பார், ஏளா. அங்கே ஒருத்தி வீங்கின காலை நீட்டிக்கொண்டு, அம்மா இன்று வருவாள், நாளை வருவாள் என்று உட்கார்ந்திருக்கிறாள். இங்கே இவர் எதிர்வீட்டு வாய்க்குப் பயந்து முட்டில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார். புயலுக்குப் பயப்படாத மனுஷன்! தனியாகப் போகிறேன் என்றேன். "எழுத்துத் தெரியாதவ, எந்த ஸ்டேஷன்னு இறங்குவ?" என்றார். அது நியாயம்தான். அழுதால் தைலத்தை எடுப்பார். மாதா கோயிலில் போய் உட்கார்ந்து யோசித்தேன். ஜெபம் சொல்லப் போன இடத்தில்தான் அந்தப் பொய் தோன்றியது. மாதா மன்னிப்பாள்; அவளும் பிள்ளை பெற்றவள்தான்.

மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டுக்காரியைத் தனியாக ஓரங்கட்டினேன்.

"யாருட்டயும் சொல்லிராத. இவுகளுக்குப் பாஸ்போர்ட்டு கிடையாதாம்."

அவளுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "ஐயையோ! ஏன் மைனி?"

"வேண்டாமாம். காலமெல்லாம் கொழும்புக்குப் போயிட்டு வந்த தண்டல்னா, மூஞ்சியைப் பாத்தே விட்டுருவாகளாம். காகிதமெல்லாம் சும்மா ஆளுகளுக்குத்தானாம். கண்ணு பட்டுரும்னு இவுக வெளிய சொல்ல மாட்டேங்காவ."

வெளிச்சம் அணைந்தது. குடம் நிரம்பி வழிவதுகூடத் தெரியாமல் நின்றாள். "அப்ப எங்க வீட்டுக்காரரு மூஞ்சிக்கு?" என்றாள்.

"அவுக என்னைக்காவது டெல்லிக்குப் போனா தெரியும்" என்றேன்.

யாரிடமும் சொல்லாதே என்றால் அவளுக்கு அது தண்டோரா போடச் சொன்ன மாதிரி. மத்தியானத்துக்குள் மீன் ஏலம் விடுகிற இடம் வரை போய்விட்டது. சாயங்காலம் டீக்கடைக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வந்து, ரொம்ப நேரம் கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சீவினார்.

"ஊருல என்னமோ பேசுதாவ."

"என்னவாம்?"

"ஒண்ணுமில்ல." இடது பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "முட்டு இப்ப கொஞ்சம் தேவலை. டிக்கெட்டுக்கு ஆளு அனுப்பணும்."

"எதிர்க்காத்துன்னு சொன்னியளே?"

"ரயிலுக்கு ஏதுட்டி காத்து?"

பொய் என்று தெரிந்து ஏறினாரா, நம்பி ஏறினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மதராஸ் தாண்டியதும் வெளியே மண்ணின் நிறம் மாறியது. பிறகு தலைப்பாகையின் நிறம் மாறியது. சாயா விற்கிறவன் கூவுகிற ராகமும் மாறியது. மாறாதது இவர் ஒருத்தர்தான். டிக்கெட் பரிசோதகர் வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்து முகத்தைத் தூக்கிக் காட்டுவார். நான் பக்கத்திலிருந்து டிக்கெட்டை நீட்டுவேன். அந்த ஆள் ஓட்டை போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். "பாத்தியா?" என்பார் இவர். "பாத்தேன்" என்பேன்.

டெல்லியில் இறங்கியபோது பனியில் எதிரே வருகிற ஆள் தெரியவில்லை. என் மூக்கு பத்திரமாக இருந்தது. போலீஸ் ஒருத்தர்கூட எங்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை; மருமகன் வந்து கூட்டிப்போனார். மகள் கதவைத் திறந்தாள். வயிறு முன்னால் வந்தது, அவள் பின்னால் வந்தாள். "இவ்வளவு நாளா என்னம்மா பண்ணுன?" என்று என் தோளில் சாய்ந்து அழுதாள். என்ன சொல்ல? "அப்பாவுக்கு முட்டு வலி" என்றேன். அவள் காலை மடியில் எடுத்து வைத்து அமுக்கிப் பார்த்தேன். விரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. அந்த வாரமே வலி கண்டது. ஆஸ்பத்திரியில் என் கையை அவள் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. பெண் குழந்தை. இரண்டு பேரும் சுகம்.

அதற்குப் பிறகுதான் கூத்து. வீட்டுக்கு வந்ததும் குழந்தையை நீட்டின காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவிவிட்டு, வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டினேன். நம்ம ஊரில் இதை யார் பார்ப்பார்கள்? அங்கே சுற்றி இருந்த பெண்களெல்லாம் கூடி நின்று பார்த்தார்கள். ஒருத்தி பஞ்சாபிக்காரி, ஒருத்தி வங்காளி. மற்றவர்கள் எந்த ஊர் என்று அவர்கள் சொன்னார்கள், எனக்கு விளங்கவில்லை. ரெண்டு நாள் பார்த்துவிட்டு, பஞ்சாபிக்காரி தன் பிள்ளையையும் கொண்டுவந்து என் காலில் போட்டுவிட்டாள். நல்ல கொழுகொழுவென்ற பயல். என் கால் மரத்துவிட்டது. மறுநாள் வங்காளி. அதற்கடுத்து வாசலில் பிள்ளைகளோடு வரிசை நிற்கிறது, ஏளா! வெந்நீருக்கு எரிகிற விறகைப் பார்த்து மருமகன் முகம் சுளித்தார். நான் விடுவேனா? அவர்கள் ஹிந்தியில் என்னமோ கேட்பார்கள், நான் தமிழில் திட்டிக்கொண்டே தேய்ப்பேன், பிள்ளைகள் பொதுவாக ஒரே பாஷையில் கத்தும். அதில் ஒரு பிள்ளை இருந்தது பாரு, தண்ணி பட்டாலே—

சூ! சூ! ஏளா, அந்தக் கோழிகளைப் பாரு, பாயில காயப்போட்ட நெல்லு பூராத்தையும் கிளறிட்டு! அங்கிட்டு நின்னு விரட்டு, நான் இங்கிட்டு வாரேன்…